பரண்மேல் ரெண்டு சம்பந்தி

கம் பூட்ஸும்மா இது. வேற ஒண்ணும் இல்ல. ஆரப்பாளையத்துல ஏறுனதுலேர்ந்து என் பையையே பாத்துக்கிட்டு வர்றே, அதான் சொல்றேன். சேத்துல எறங்குறப்ப போடறது. ஆமா, எனக்குத்தான். திருமங்கலத்துல நாலு கடை ஏறி எறங்கி, கடைசியில எங்க வீட்டுக்காரர் கடையிலேயே கெடச்சுது. ஹார்டுவேர் கடை நமக்கு. முப்பது வருசமா அங்க கம் பூட்ஸ் தொங்குது, நான் ஒருநாளும் நிமிந்து பாத்ததில்ல.

எங்க போறேன்னா, கொடைக்கானலுக்கு மேல, மன்னவனூர் போற பாதையில ஒரு தோட்டம். அங்க மாட்டுத் தொழுவத்துல மூணு நாள் தங்கப் போறேன். சிரிக்காதம்மா, நெசமாத்தான். வெள்ளக்காரத் துரை ஒருத்தரு நூத்தி நாப்பது வருசத்துக்கு முன்னாடி கட்டுன தொழுவம். கருங்கல் செவுரு, ஒவ்வொண்ணும் முழங்கை நீளத் தடிமன். இப்ப அந்தத் தோட்டம் வேலப்பன்கிறவரோடது. கேரட்டு, உருளைக்கிழங்கு, பூண்டுன்னு வெள்ளாமை எல்லாம் நடக்குது. மாட்டையெல்லாம் தகரக் கொட்டகைக்கு மாத்திட்டு, துரை கட்டுன தொழுவத்தைக் கழுவி, கட்டில் போட்டு, மனுசங்களைக் கட்டி வைக்கிறாரு.

எனக்கு இது மூணாவது தடவை. முதல் தடவை போனதுதான் கதை.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் யாரு கூடவும் போட்டி போடற ஆளு கிடையாது. எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுக்க. நாலாவது வீட்டுக்காரி மொட்டை மாடியில ரெண்டு ரோசாத் தொட்டி வச்சா, மறுவாரம் நான் ஏழு தொட்டி வச்சேன். எனக்கு ரோசான்னா பிடிக்கும், அதனால வச்சேன். அவ்வளவுதான்.

என் மக சிந்துஜா கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. கூட வேலை பாத்த பையன் தினகர். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சுன்னு வந்து சொன்னாங்க. நாங்களும் சரின்னுட்டோம். பையனுக்கு அப்பா இல்ல. அம்மா மட்டும்தான். குணவதின்னு பேரு. செம்பட்டியில போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. முப்பத்தாறு வருசம் முத்திரை குத்துன கை பாரு, இப்பவும் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில மேசையில ஒரு குத்து விழும். மேசை இல்லேன்னா தொடையில. நம்ம தொடையிலயும் விழும்.

முதல்முதலா எங்க வீட்டுக்கு வந்தப்ப ஷோகேஸைச் சுத்திப் பாத்துட்டு, "நல்லா அடுக்கி வச்சிருக்கீங்க"ன்னாங்க. டொக்குன்னு ஒரு குத்து. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் ஒரு வாரம் யோசிச்சேன். இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

நான் பதிலுக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசம் அவங்க வீட்டுக்குப் போனப்ப, "உங்க வீட்டுல நல்லா காத்து வருது, சாமானே இல்லாததால"ன்னு மட்டும் சொன்னேன். உள்ளதைச் சொன்னேன்.

இதைப் பாத்துட்டு எம் பொண்ணுக்கு ஒரு பயம். ஆவணியில நிச்சயம் வச்சிருந்தோம். அதுக்கு முன்னாடி ரெண்டு வீடும் ஒண்ணாப் போயி ஒரே எடத்துல மூணு நாள் இருக்கணும், பழகிக்கணும்னு சொல்லிட்டா. அந்தத் தொழுவத்தை அவதான் போன்ல தேடிப் பிடிச்சா. ஆடி மாசம். ஆடியில நல்ல காரியம் பண்ணக் கூடாதும்பாங்க. மாட்டுத் தொழுவத்துல போயித் தங்குறது நல்ல காரியமா, கெட்ட காரியமான்னு யாரைக் கேக்குறதுன்னு தெரியல. கெளம்பிட்டோம். நானு, எங்க வீட்டுக்காரர், சிந்துஜா, அந்தப் பையன், குணவதியம்மா.

அந்தம்மா கையால சுட்ட அதிரசம் ஒரு தூக்குச்சட்டி நெறைய கொண்டாந்திருந்தாங்க. நான் முறுக்கு. ரெண்டு டின். அவங்க என்ன கொண்டு வர்றாங்கன்னு சிந்துஜாவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ரெண்டு டின்னாக்குனேன்னு எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்றாரு. அதை நம்பாத.

போயி எறங்குனா, குளிரு. வேலப்பன் வந்து வணக்கம் சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனாரு. அவரு சம்சாரம் பொன்னழகு டீ கொண்டாந்துச்சு. உள்ள நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லக் கூடாது. மாடு தண்ணி குடிச்ச கல்தொட்டிக்கு மேல ஒரு குழாயை வச்சு, இதுதான் வாஷ்பேசின்னாரு. எங்க வீட்டுக்காரர் அதுல குனிஞ்சு மொகம் கழுவுனாரு. பின்னாலேர்ந்து பாத்த எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

கீழ ரெண்டு கட்டில். கன்னுக்குட்டி கட்டுன சின்ன ரூம்ல ஒரு கட்டில். மேல பரண். அந்தக் காலத்துல மாட்டுக்குப் புல்லு அடுக்கி வச்ச மரப் பரண், அதுல ரெண்டு கட்டில். ஏறுறதுக்கு ஒரு ஏணி. பதினோரு படி.

வேலப்பன் பெரியவங்க கீழ இருங்க, சின்னவங்க மேல போகட்டும்னுதான் சொன்னாரு. குணவதியம்மா என்னைப் பாத்து, "உங்களுக்கு முட்டி வலி இருக்கும், நீங்க கீழ படுங்க, நான் பரண்ல படுத்துக்கிறேன்"னாங்க. எனக்கு முட்டி வலின்னு இவங்களுக்கு யாரு சொன்னா? வலி இருந்துச்சு. அது வேற விசயம். எனக்கு ஒரு வலியும் இல்ல, உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்னு சொல்லிட்டு நான் ஏற ஆரம்பிச்சேன். பின்னாலயே அவங்களும் ஏறுனாங்க. பதினோரு படி ஏற எனக்கு கால் மணி நேரம் ஆச்சு. அவங்களுக்கு முன்னாடி நான் நின்னதால அவங்களுக்கும் அதே நேரம்தான். மேல போயி ரெண்டு பேரும் ஆளுக்கொரு கட்டில்ல உக்காந்து, வியூ நல்லா இருக்குன்னு பேசிக்கிட்டோம். மூச்சு வாங்குறதை மறைக்கணும்ல. வியூவும் கிடையாது. ஓடுதான் தெரிஞ்சுச்சு.

அந்தத் தோட்டத்துல ஒரு பசு இருக்கு. பேரு துரைசானி. நல்ல செவலை, நெத்தியில வெள்ளை. அதோட அம்மா, அம்மாவோட அம்மா எல்லாம் அந்தத் தொழுவத்துலதான் பொறந்ததுங்களாம். மத்த மாடெல்லாம் தகரக் கொட்டகைக்குப் போனப்ப பேசாம போயிருச்சு. இது மட்டும் ஒத்துக்கல. தினம் ரெண்டு தடவை வந்து தொழுவ வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாக்கும். ஒண்ணும் செய்யாது, பாத்துட்டுப் போயிரும்னு வேலப்பன் சொன்னாரு. வீட்டுக்காரம்மா வாடகைக்கு விட்ட வீட்டை வந்து பாப்பாங்கல்ல, செவுத்துல ஆணி அடிச்சிருக்காங்களான்னு. அப்படி ஒரு பார்வை.

மறுநாள் காலையில தோட்டத்துல வேலை. தங்க வர்றவங்க ஆசைப்பட்டா கேரட் பிடுங்கலாம். பொன்னழகு எங்களுக்கு ஆளுக்கொரு வரிசை காட்டி, இலையை அடியோட பிடிச்சு மெதுவா இழுங்கன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போச்சு. நான் என் பாட்டுக்குத்தான் பிடுங்கிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா குணவதியம்மா என்னை விட நாலடி முன்னாடி இருக்காங்க. சரி, கொஞ்சம் கை வேகமா போட்டேன். அவங்களும் போட்டாங்க. கொஞ்ச நேரத்துல என் வரிசை முடிஞ்சுது. அவங்க இன்னும் குனிஞ்சுக்கிட்டு இருந்தாங்களா, நான் சும்மா நிக்க வேண்டாமேன்னு அடுத்த வரிசையில எறங்குனேன். அதுல வந்த கேரட்டெல்லாம் சுண்டுவிரல் அளவுதான். இது என்ன இவரு இப்படி சின்னதா வெளைய வச்சிருக்காருன்னு நெனச்சுக்கிட்டே அதையும் முடிச்சேன். அப்புறம் பாத்தா அது போன மாசம்தான் வெதச்ச பாத்தியாம். வேலப்பன் வந்து பாத்தியைப் பாத்தாரு. கொஞ்ச நேரம் வானத்தைப் பாத்தாரு. இளசா இருந்தா சாம்பாருக்கு நல்லா இருக்கும்னு நான்தான் ஆறுதல் சொன்னேன். எண்ணிக்கையில பாத்தா நான்தான் அதிகம் பிடுங்குனது. போட்டின்னு சொல்லல. எண்ணிக்கையைச் சொல்றேன்.

அன்னைக்கு மத்தியானம் பொன்னழகு, நாளைக்குக் காலையில யாருக்காவது பால் கறந்து பாக்கணுமா, துரைசானி சாதுவா நிக்கும்னு கேட்டுச்சு. குணவதியம்மா, "நான் சின்ன வயசுலயே கறந்திருக்கேன்"ன்னாங்க. குத்து. நானும் கறந்திருக்கேன்னேன். எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கிறதைத்தான் முப்பது வருசமா பாத்திருக்காரு, அதான் அந்தப் பார்வை.

சரி, மொத நாளே மாட்டு கூட கொஞ்சம் பழகிக்குவோம்னு நெனச்சேன். எல்லாரும் சாப்பிட்டு அசந்திருந்தப்ப தூக்குச்சட்டியிலேர்ந்து அதிரசம் எடுத்துக்கிட்டுப் போயி துரைசானிக்குக் குடுத்தேன். நாலுதான். பசுவுக்கு இனிப்பு குடுக்குறது புண்ணியம். ஏன் என் முறுக்கைக் குடுக்கலேன்னு நீ கேக்கலாம். முறுக்கு காரம். வாயில்லா ஜீவனுக்குக் காரம் குடுக்கலாமா?

மறுநாள் காலையில பால் கறந்தோம். நான் ஒரு டம்ளர் கறந்தேன். அந்தம்மா அரைச் செம்பு கறந்தாங்க. ஆனா என் டம்ளர்ல நுரை அதிகம், எல்லாரும் பாத்தாங்க. துரைசானி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நின்னுச்சு. ஆனா கறந்துக்கிட்டு இருக்கும்போதே கழுத்தைத் திருப்பி எங்க ரெண்டு பேர் முந்தானையையும் மாத்தி மாத்தி மோந்துச்சு. எதுக்குன்னு எனக்கு அப்பப் புரியல.

அன்னைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் கெளம்பணும். நாஷ்டா முடிஞ்சதும் ரெண்டு பேரும் பரண்ல ஏறி துணிமணி எடுத்து வச்சுக்கிட்டு இருந்தோம். எங்க வீட்டுக்காரர் வேலப்பனோட ஓடைப் பக்கம் மோட்டாரைப் பாக்கப் போயிட்டாரு. மோட்டாருன்னா அவருக்கு சாமி மாதிரி. பிள்ளைங்க ரெண்டும் ரோட்டு வளைவுல போட்டோ எடுக்கப் போயிருந்துச்சுங்க. எங்க ரெண்டு பேர் போனும் கீழ சார்ஜ்ல இருந்துச்சு. பரண்ல பிளக் கிடையாது.

அப்ப பொன்னழகு கீழ வந்து, "அம்மா, ஏணியைக் கொஞ்சம் எடுத்துக்கவா, பேரிக்காய் பறிக்கணும்"னு கேட்டுச்சு. கேட்டுச்சாம். எங்களுக்குக் கேக்கல. நான் அப்ப குணவதியம்மாகிட்ட புடவையை எப்படி மடிச்சா கசங்காதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், அவங்க என்கிட்ட அது தப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பொன்னழகுக்கு ஊம்னு சொன்ன மாதிரி கேட்டிருக்கு. தூக்கிட்டுப் போயிருச்சு. அந்தத் தோட்டத்துக்கே அது ஒண்ணுதான் ஏணி.

மடிச்சு முடிச்சுட்டு எறங்கலாம்னு கால நீட்டுனேன். ஏணி இல்ல. அப்பத்தான் கீழ டொக்கு டொக்குன்னு சத்தம். குணவதியம்மாதான் என்னமோ குத்துறாங்கன்னு நெனச்சேன். அவங்க பக்கத்துலதான் நின்னாங்க. எட்டிப் பாத்தா துரைசானி உள்ள வருது.

அவசரமே இல்லம்மா அதுக்கு. வந்துச்சு. நேரா கல்தொட்டிக்குப் போச்சு. எங்க வீட்டுக்காரர் குழாயை ஒழுங்கா மூடாம விட்டதுல தொட்டி நெறஞ்சிருந்துச்சு. குடிச்சுது. அப்புறம் மேசைக்கு வந்து தூக்குச்சட்டியைத் தட்டி விட்டு, மிச்ச அதிரசம் மொத்தத்தையும் தின்னுச்சு. அடுத்து என் முறுக்கு டின்னை மூக்கால தள்ளி மூடியைத் தொறந்துச்சு. தொறந்து அதையும் தின்னுச்சு. காரமெல்லாம் ஒண்ணும் பண்ணல. அப்புறம் சார்ஜ்ல இருந்த போனை மோந்துச்சு. அந்த நேரம் பாத்து குணவதியம்மாவோட தங்கச்சி வீடியோ கால்ல கூப்பிட்டாங்க. துரைசானி ஒரு நக்கு நக்குனதுல கால் எடுத்துக்கிச்சு.

அந்தத் தங்கச்சி, "என்னக்கா, ஒரே மங்கலா இருக்கு"ன்னாங்க. நாங்க மேலேர்ந்து கத்துறோம். அவங்களுக்கு எங்க கேக்குது. துரைசானி பெருமூச்சு விட்டுச்சு. "சளி பிடிச்சிருக்காக்கா, மலைக்குப் போகாதேன்னு சொன்னேன்ல, படுத்து ரெஸ்ட் எடு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. அவங்க சொன்ன மாதிரியே துரைசானி எங்க வீட்டுக்காரர் கட்டில் பக்கத்துல, ஜமுக்காளத்து மேல படுத்துருச்சு. படுத்து அசை போட ஆரம்பிச்சுருச்சு. அது பாட்டன் வீட்டுக்கு வந்த மாதிரி. இல்ல, அது பாட்டி வீடுதானே அது.

நாங்க ரெண்டு பேரும் பரண் விளிம்புல உக்காந்து காலத் தொங்கப் போட்டுக்கிட்டு அதைப் பாத்தோம். கூப்பிட்டா யாரும் வரல. கல் செவுரு, வெளிய ஒண்ணும் கேக்காது. துரை அப்படிக் கட்டியிருக்காரு.

ரொம்ப நேரம் கழிச்சு நான் சொன்னேன், அது உள்ள வந்ததுக்கு ஒரு வேளை நான் காரணமா இருக்கலாம்னு. அதிரசத்தைச் சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல. மேல மாட்டிக்கிட்டா மனசு எளகும்போல. அவங்க என்னைப் பாத்தாங்க. கோவப்படப் போறாங்கன்னு நெனச்சேன். "நான் உங்க முறுக்கைக் குடுத்தேன். ஏழு"ன்னாங்க. குத்து விழல. கை மடியிலயே இருந்துச்சு.

ஏழாம்மா. நான் நாலுதான் குடுத்தேன். அவங்க ஏழு. இதை நான் மறக்கல, மன்னிச்சுட்டேன்.

அப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு. நிக்கவே இல்ல. சிரிச்சுச் சிரிச்சு அவங்க, எனக்கு முட்டி ரெண்டும் போச்சு, மூணு நாளா இந்த ஏணியில ஏறி எறங்கி உயிரே போகுதுன்னாங்க. எனக்கு இடது முட்டிதான், வலதும் லேசான்னு நானும் ஒத்துக்கிட்டேன். அவங்க பையிலேர்ந்து தைலத்தை எடுத்தாங்க. ஆளுக்கொரு முட்டியா தேச்சுக்கிட்டோம். தேச்சுக்கிட்டே அந்தம்மா என்னென்னவோ பேசுனாங்க. ஆபீஸ்ல இருந்தப்ப நாளைக்கு நூறு பேரைப் பாப்பாங்களாம். ரிட்டயர் ஆன பிறகு கதவைத் தட்டுறது பால்காரர் மட்டும்தானாம். கல்யாணம் ஆனா சம்பந்தி வீடுன்னு ஒண்ணு இருக்கும், போக வர ஒரு எடம் இருக்கும்னு நெனச்சேன், அதுக்காகத்தான் மூணு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு உங்களைச் சகிச்சேன்னாங்க. நல்ல மனசு. நான் அவங்களைச் சகிச்சதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

அப்பத்தான் பிள்ளைங்க வந்துச்சுங்க. நாங்க ரெண்டு பேரும் மேலேர்ந்து கத்துனோம். சிந்துஜா உள்ள பாத்தவுடனே, "அம்மா, அசையாதீங்க, விளிம்புல உக்காராதீங்க"ன்னு சொல்லிட்டு, தினகர், நீ போயி ஏணி எங்கேன்னு பாரு, நான் மாட்டைப் பிடிக்கிறேன்னா. அந்தப் பையன் போனை எடுத்தான். போன் பண்றதுக்குன்னு நெனச்சேன். படம் பிடிக்கிறான்.

"ஒரு நிமிஷம் சிந்து, இது செம கன்டென்ட்"னான். என்னைப் பாத்து, ஆன்ட்டி, கொஞ்சம் முன்னாடி வாங்க, மொகத்துல வெளிச்சம் விழலேன்னான். அவங்கம்மாவைப் பாத்து, அம்மா, இப்ப கத்துனீங்கல்ல, அதே மாதிரி இன்னொரு தடவை கத்துங்கன்னான். எனக்குத் தப்பாத் தோணல. பையன் ஆசைப்படறான்னு முடியைச் சரி பண்ணிக்கிட்டு முன்னாடி நகந்தேன். குணவதியம்மா நகரல. மகனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சிந்துஜா ரெண்டு தடவை கேட்டா, ஏணி எடுத்துட்டு வான்னு. அவன் ரெண்டு தடவையும் இதோ இதோன்னான். மூணாவது தடவை அவ கேக்கல. கீழ சிதறி மிச்சம் கெடந்த முறுக்கை ஒரு கையில எடுத்துக்கிட்டு, துரைசானி கழுத்துக் கயித்தை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, வாம்மா, வாம்மான்னு பேசிக்கிட்டே வெளிய கூட்டிட்டுப் போனா. அது எந்திரிக்கும்போது ஜமுக்காளத்துல சாணியைப் போட்டுட்டுத்தான் எந்திரிச்சுச்சு. அப்புறம் எம் பொண்ணு பேரி மரத்துக்குப் போயி, அந்தப் பெரிய ஏணியைத் தோள்ல தூக்கிக்கிட்டு தனியா வர்றா. பொன்னழகு பின்னால ஓடி வருது, குடும்மா குடும்மான்னு. அந்தப் பையன் முன்னால பின்பக்கமா நடந்துக்கிட்டு, சூப்பர் சிந்து, அப்படியே வா அப்படியே வான்னு படம் எடுக்குறான்.

ஏணியைச் சாத்தி, மேல ஏறி, என் பாதத்தைக் கையில பிடிச்சு ஒவ்வொரு படியா வச்சு வச்சு எறக்குனா. அப்புறம் குணவதியம்மாவையும் அதே மாதிரி. ரெண்டு பேரும் தரையில நின்ன பிறகு கையைத் தொடச்சுக்கிட்டு அவன் பக்கம் திரும்புனா. சத்தமெல்லாம் போடல.

"தினகர், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்"னா.

அவன் போனை எறக்கல. "காத்து சத்தம் விழுந்துருச்சு சிந்து, இன்னொரு தடவை சொல்லேன்"னான்.

பாவம், அவனைத் திட்டாதம்மா. அவன் என்ன கேட்டான்னு அவனுக்கே உள்ள எறங்க அஞ்சு நிமிசம் ஆச்சு. வேணும்னு சொல்லல, பழக்கம். ஆனா குணவதியம்மா போயி அவன் கையிலேர்ந்து போனை வாங்கி, கல்தொட்டித் தண்ணிக்குள்ள வச்சு ஒரு அமுக்கு அமுக்குனாங்க பாரு. முப்பத்தாறு வருசத்துல குத்துன முத்திரையெல்லாம் சேத்து ஒரே குத்தா விழுந்த மாதிரி. இப்ப வர்ற போனெல்லாம் தண்ணிக்கு அசையாதாமே. உள்ள கெடந்துக்கிட்டே எங்க எல்லாரையும் படம் எடுத்துக்கிட்டு இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் அப்பத்தான் வந்தாரு. அஞ்சு எச்.பி. மோட்டாராம், அருமையா ஓடுதாம். வந்து சாணியில காலை வச்சாரு.

வெளிய பேரி மரத்தடியில நானும் குணவதியம்மாவும் உக்காந்தோம். எம் பொண்ணு அவசரக்காரி, நான் பேசிச் சரி பண்றேன்னு சொன்னேன். அவங்க மண்டையை ஆட்டுனாங்க. "அவ சொன்னது சரி. பெத்தவ நானே சொல்றேன். அவளை மாத்தாதீங்க"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு.  இல்லங்க, உங்க பையன் தங்கம், எம் பொண்ணுதான் முன்கோபின்னேன். உங்க பொண்ணு தங்கம், எம் பையன்தான் சரியில்லன்னாங்க. சின்ன வயசுல இவ ஸ்கூல்ல ஒருத்தியைக் கடிச்சிருக்கான்னு நான் சொன்னேன். இவன் காலேஜ்ல நாலு பாடத்துல பெயிலாகி என்கிட்ட சொல்லவே இல்லன்னு அவங்க சொன்னாங்க. ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுக்கல. கடைசியில சிந்துஜா வந்து, உங்களுக்கு என்னதான் வேணும், நாங்கதான் பிரிஞ்சுட்டோம்ல, நிறுத்துங்கன்னா. அப்பவும் நான்தான் கடைசியாப் பேசுனது.

நிச்சயம் நின்னு போச்சு. சொந்தக்காரங்க கேக்கத்தான் செஞ்சாங்க. மாடு வந்துருச்சுன்னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் கேக்கல. அந்தப் பையன் ஒரு வாரம் கழிச்சு வீடியோவைப் போட்டுட்டான். லட்சக்கணக்குல பாத்திருக்காங்களாம். திருமங்கலத்துல காய் வாங்கப் போனா, பரண் அக்கா வர்றாங்கன்றாங்க. அதைக் கூடப் பொறுத்துக்குவேன். ஆனா அதுல குணவதியம்மா மொகம் பளிச்சுன்னு விழுந்திருக்கு, எனக்கு முடியைச் சரி பண்ற கை மட்டும்தான் தெரியுது. முன்னாடி நகந்தது நானு. இதைப் பத்தி நான் யாருகிட்டயும் பேசுறதில்ல.

ஆவணியில, நிச்சயம் வச்சிருந்த அந்தத் தேதியன்னைக்கு, போன் வந்துச்சு. குணவதியம்மா.  "இன்னைக்கு என்ன சமைக்கிறதுன்னே தெரியல"ன்னாங்க. நான் காலையிலேயே கேசரி கிண்டி வச்சிருந்தேன், யாருக்குன்னு தெரியாம. அதைச் சொன்னேன். அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசுனோம். கேசரிக்கு ரவையை எவ்வளவு வறுக்கணுங்கிறதுல சண்டை வந்து அவங்களே வச்சுட்டாங்க.

ஐப்பசியில மறுபடி கூப்பிட்டாங்க. வேலப்பன் தோட்டத்துல பூண்டு ஊனுறாங்களாம், ஆளு பத்தலையாம், போவமான்னாங்க. எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். கேட்டு முடிக்கலை, தாராளமா போயிட்டு வா, ஒரு வாரம் கூட இருந்துட்டு வான்னுட்டாரு. எம்மேல அவ்வளவு பாசம். நான் சந்தோசமா இருக்கணும்னு நெனக்கிறாரு. போனா, துரைசானி வாசல்லயே நின்னுச்சு. கீழ் கட்டில் ரெண்டையும் நாங்க எடுத்துக்கிட்டோம். பரண்ல யாரும் ஏறல. சேறுன்னா சேறு, அப்பத்தான் கம் பூட்ஸ் வேணும்னு தெரிஞ்சுது. அவங்க செவப்பு கலர்ல வச்சிருக்காங்க.

சிந்துஜாவா? நல்லா இருக்கா. வேற கம்பெனிக்கு மாறிட்டா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை குணவதியம்மாவுக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் பேசுறா. எனக்கு ஒண்ணும் இல்ல. பேசட்டும். எனக்குப் பத்து நிமிசம்தான் பண்றா, அதைச் சும்மா சொல்றேன். அந்தப் பையன் பெங்களூர்ல இருக்கான். அம்மாவுக்கு மாசம் ஒரு தடவை கூப்பிடறான். வீடியோ கால் வேண்டாம், சும்மா பேசுன்னு அவங்க சொல்லிட்டாங்களாம்.

அந்த ரெண்டாவது தடவை போனப்ப வேலப்பன் ஒரு நோட்டுல பேரு எழுதச் சொன்னாரு. தங்குறவங்க பேரு, ஊரு, ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவுன்னு. குணவதியம்மா நோட்டை வாங்கி எழுதுனாங்க. எட்டிப் பாத்தா, உறவுங்கிற எடத்துல சம்பந்தின்னு எழுதியிருக்காங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. என்னங்க இது, கல்யாணமே நடக்கலையே, வேலப்பனுக்கும் தெரியுமே, இப்படி எழுதலாமான்னு கேட்டேன்.

அந்தம்மா பேனாவை மூடுனாங்க. "வேண்டாம்னு சொன்னது அதுங்க ரெண்டும். நாம சொல்லலையே"ன்னு நோட்டு மேல ஒரு குத்து குத்துனாங்க.

நான் நோட்டை என் பக்கம் இழுத்து இன்னொரு தடவை படிச்சேன்.  அப்புறம் பாத்தா, அவங்க பேரை மேல எழுதி என் பேரைக் கீழ எழுதியிருக்காங்க. அதனால இந்தத் தடவை நானே முன்கூட்டி வேலப்பனுக்குப் போன் பண்ணி, என் பேர்லயே எடத்தைச் சொல்லி வச்சுட்டேன்.

வத்தலக்குண்டு வந்துருச்சு பாரு. அந்தா, பழக்கடை பக்கத்துல மூட்டை முடிச்சோட நிக்கிறாங்கல்ல, அவங்கதான். நெழல்ல நில்லுங்கன்னு சொன்னேன், வெயில்லதான் நிக்கிறாங்க, சொன்னா எங்க கேக்குறாங்க. ஏம்மா, நீ தப்பா நெனக்கலேன்னா கொஞ்சம் அந்தப் பின் சீட்டுக்குப் போறியா? நாங்க ரெண்டு பேரும் பேசாமத்தான் வருவோம், ஆனா பக்கத்துல உக்காந்து பேசாம வரணும்.